தைராய்டு ஆபரேஷன்: எதற்குக் காசு கொடுக்கலாம், எங்கே கோட்டை விடுகிறார்கள்

தைராய்டை எடுக்கும் அறுவை சிகிச்சையை ஒரு சேவையாக எடைபோட்டால், கத்தி வேலைக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். பழகிய கையில் ஒரு பக்கம் மட்டும் எடுக்க ஒன்றரை மணி நேரம், முழுதாக எடுக்க இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பிவிடலாம். மதிப்பெண் குறைவதெல்லாம் தையல் போட்ட பிறகுதான். முதல் ராத்திரி வார்டில் யார் கவனிக்கிறார்கள், மூன்றாம் நாள் வீட்டில் விரல் மரத்தால் யாருக்கு போன் செய்வது, மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யார் உட்கார வைத்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம் தெரியும். விளம்பரங்களோ தழும்பைப் பற்றி மட்டுமே பேசுகின்றன.

அதற்கு முன், ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்வி. கழுத்தை ஸ்கேன் செய்தால் கட்டி தெரிவது சர்வ சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராதவை. ஸ்கேனில் சந்தேகப்படும்படி இருந்தால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த எஃப்.என்.ஏ.சி. ரிப்போர்ட்டில் ‘பெத்தெஸ்டா’ என்று 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 2 என்றால் சாதாரணக் கட்டி. புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 6 என்றால் புற்றுநோய் உறுதி. 3, 4 ஆகிய இரண்டும்தான் இழுபறி. ரிப்போர்ட்டில் இந்த எண்ணே இல்லாவிட்டால், ஸ்லைடை வாங்கி இன்னொரு லேபில் காட்டுவது நல்லது.

பெத்தெஸ்டா 2 வந்து, கட்டி சிறியதாக இருந்து, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமில்லாமல், டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் இன்னொரு ஹார்மோன்) அளவும் சரியாக இருக்கும்போது, “எதுக்கும் எடுத்துடலாம்” என்று ஒருவர் சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். தென் கொரியாவில் நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரவலாகக் கழுத்து ஸ்கேன் எடுக்கத் தொடங்கியதில், 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, 1 சென்டிமீட்டருக்குக் குறைவான சாதுவான பாப்பில்லரி (தைராய்டில் அதிகம் காணப்படும் வகை) புற்றுநோய்களைக் கூட உடனே வெட்டாமல் கண்காணிப்பதை 1993லிருந்தே செய்துவருகிறது. சாப்பாடு இறங்காத அளவுக்கு வளர்ந்த கழலை, மாத்திரைக்கு அடங்காத கிரேவ்ஸ் நோய் (தைராய்டு மிதமிஞ்சிச் சுரப்பது), நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கிய கட்டி, ஊசிப் பரிசோதனை எச்சரிக்கும் கட்டி ஆகியவைதான் ஆபரேஷனுக்கு நேர்மையான காரணங்கள்.

அடுத்தது, எவ்வளவு எடுப்பது. தைராய்டு மொத்தமே 15 முதல் 25 கிராம்தான். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஒவ்வொரு மடல். ஒரு மடலை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு மீதி மடலே போதும், தைராய்டு ஹார்மோன் மாத்திரை வேண்டாம். கால்சியம் குறையும் பயமும் அநேகமாக இல்லை. முழுதாக எடுத்தால் ஆயுளுக்கும் மாத்திரை. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவாத பாப்பில்லரி புற்றுநோய்க்கு ஒரு மடல் போதும் என்பதை அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டியே ஏற்றுக்கொண்டது. இருந்தும் எல்லோருக்கும் முழுதாக எடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் விடவில்லை. “எனக்கு ஏன் பாதி போதாது?” என்று கேளுங்கள், நல்ல சர்ஜன் கோபப்படாமல் காரணம் சொல்வார்.

பாதி எடுப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஃபாலிக்குலர் வகைக் கட்டி புற்றுநோயா இல்லையா என்பதை ஊசியாலும் சொல்ல முடியாது, ஆபரேஷன் மேசையில் அவசரமாகப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனாலும் பெரும்பாலும் சொல்ல முடியாது. கட்டியின் உறையை நோய் துளைத்திருக்கிறதா என்று முழுதாக அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அது புற்றுநோய் என்று வந்தால் மறு பக்கத்தையும் எடுக்க இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே சொல்லாத ஆஸ்பத்திரியில்தான் பிறகு சண்டை நடக்கிறது.

சர்ஜனைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆண்டுக்கு 25க்கு மேல் முழுத் தைராய்டு ஆபரேஷன் செய்பவர்களிடம் பின்விளைவுகள் குறைவு என்று 2017இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. பொது அறுவை நிபுணரா, காது மூக்கு தொண்டை நிபுணரா, எண்டோகிரைன் (ஹார்மோன் சுரப்பிகளுக்கான) சர்ஜனா என்பது அதற்கு அடுத்த கேள்விதான். எண்டோகிரைன் சர்ஜரிக்கென்றே தனித் துறை வைத்திருக்கும் இடங்களில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் உண்டு. அரசு மருத்துவமனையில் காத்திருப்பு நீளம், படுக்கை வசதி சுமார். ஆனால் கையில் ஏறியிருக்கும் எண்ணிக்கையில் பல தனியார் ஆஸ்பத்திரிகள் பக்கத்தில் கூட வர முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செய்துகொள்ளலாம்.

ஆபரேஷனுக்கு முன் சில விஷயங்கள் விட்டுப்போகக் கூடாது. முதலாவது, குரல்வளையை எண்டோஸ்கோப் வைத்துப் பார்ப்பது. ஒரு பக்கக் குரல் நரம்பு முன்பே செயலிழந்திருந்தும் பேச்சு சாதாரணமாக இருக்கலாம். அது தெரியாமல் மறு பக்கத்தில் கை வைத்தால் விபரீதம். இரண்டாவது, ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும். டி குறைவாக இருந்தால் முன்பே சரிசெய்துகொண்டு போனால் பின்னால் அவதி குறையும். மூன்றாவது, கிரேவ்ஸ் நோயாளிகள் கார்பிமசோல் மாத்திரையில் ஹார்மோன் அளவு இயல்புக்கு வந்த பிறகுதான் மேசை ஏற வேண்டும். கூடவே நாடித்துடிப்பை அடக்க ப்ரொப்ரனலால் கொடுப்பார்கள். கடைசி 7-10 நாள் லூகால்ஸ் அயோடின் சொட்டு கொடுப்பது சுரப்பியின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கத்தான். அவசரப்பட்டால் ‘தைராய்டு ஸ்டார்ம்’ என்ற உயிராபத்து வரலாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஆபரேஷன் முழு மயக்கத்தில் நடக்கும். தோள்களுக்கு அடியில் துணிச் சுருள் வைத்து கழுத்தைப் பின்னால் வளைத்திருப்பார்கள். அதனால் எழுந்த பிறகு காயத்தைவிடப் பிடரிதான் அதிகம் வலிக்கும். மூச்சுக்குழாயில் போட்ட டியூபால் தொண்டை கரகரக்கும்; இரண்டு மூன்று நாளில் போய்விடும். வெட்டு கழுத்து மடிப்பில் 4 முதல் 6 சென்டிமீட்டர். சிலருக்கு ஒரு வடிகுழாய் இருக்கும், மறுநாள் எடுத்துவிடுவார்கள். நான்கைந்து மணி நேரத்தில் தண்ணீர், பிறகு இட்லி, கஞ்சி. பாராசிட்டமால் அளவில் அடங்கும் வலிதான் பெரும்பாலோருக்கு.

இனி முதல் ராத்திரி. ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குக் கழுத்துக்குள் ரத்தம் கசிந்து தேங்கும். பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்தில், அநேகமாக 24 மணி நேரத்துக்குள். தேங்கிய ரத்தம் சிரைகளை அழுத்த, குரல்வளை வீங்கி மூச்சு அடைபடும். வடிகுழாய் இருந்தால் இது வராது என்று நினைப்பது தப்பு. ரத்தம் உறைந்து குழாயே அடைத்துக்கொள்ளும். கழுத்து இறுகுகிறது, படுக்க முடியவில்லை, குரல் மாறுகிறது, நோயாளி காரணமில்லாமல் தவிக்கிறார் என்பதெல்லாம் முதல் அறிகுறிகள். விரலில் மாட்டிய ஆக்சிஜன் மானிட்டர் 98 காட்டுகிறதே என்று நர்ஸ் சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த எண் கடைசியில்தான் இறங்கும். அப்போது செய்ய வேண்டியது தியேட்டருக்கு ஓடுவதல்ல, படுக்கையிலேயே தையலைப் பிரித்து, தசையையும் திறந்து, ரத்தக்கட்டியை வெளியே எடுப்பது. இங்கிலாந்தின் மயக்கவியல், தைராய்டு அறுவை, காது மூக்கு தொண்டைச் சங்கங்கள் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, இதற்கான கருவிப் பெட்டி நோயாளியின் படுக்கை அருகிலேயே இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்து வீங்கினால் தையலைப் பிரிக்கத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா?” பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஆபரேஷன் அன்றே வீட்டுக்கு அனுப்பும் ‘டே கேர்’ திட்டம், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வசிப்பவருக்கு ஏற்றதே அல்ல.

குரல் பற்றிய பயம்தான் எல்லோருக்கும் முதலில் வருவது. குரல் நரம்பு ஒவ்வொரு பக்கமும் சுரப்பியின் பின்புறத்தை ஒட்டியே மேலேறுகிறது. அனுபவமுள்ளவர் கையில் தற்காலிகக் கரகரப்பு நூற்றில் ஐந்து பேர் அளவில் வரும். சில வாரம் முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாகும். நிரந்தரமாகப் போவது நூற்றில் ஒருவர் அளவில். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுவதும் இந்த நரம்பின் அறிகுறிதான். குடிக்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினால் ஓரளவு சமாளிக்கலாம். இதைத் தவிர இன்னொரு மெல்லிய நரம்பு உண்டு. அது அடிபட்டால் பேச்சு கெடாது, உச்சஸ்தாயி போய்விடும். பாடகர்கள், ஓதுவார்கள், வகுப்பில் கத்திப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் தங்கள் தொழிலை சர்ஜனிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் ஆகியும் குரல் தேறாவிட்டால் காத்திருக்காமல் குரல் பயிற்சியாளரிடம் போகலாம். குரல் நாணுக்கு ஊசி, தேவைப்பட்டால் சிறு அறுவை என்று வழிகள் இருக்கின்றன.

குரல் நரம்பு வேலை செய்கிறதா என்று ஆபரேஷனின்போதே சிக்னல் காட்டும் நரம்பு மானிட்டர் என்று ஒரு கருவிக்குத் தனியாகப் பில் போடுகிறார்கள். நரம்பைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றுவதற்கு இணையாக அது எதையும் செய்துவிடாது. நிரந்தரப் பாதிப்பைக் குறைப்பதாக உறுதியான சான்றும் இல்லை. ஆனால் மறு ஆபரேஷனிலும் பெரிய புற்றுநோயிலும் அது உதவும். முதல் பக்கத்தில் சிக்னல் நின்றால் மறு பக்கத்தைத் தள்ளிப்போடலாம் என்பதே அதன் பெரிய பயன்.

நிஜமாகவே அதிகம் பேரை வாட்டுவது கால்சியம். தைராய்டின் முதுகில் அரிசி மணி அளவில், ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. முழுதாக எடுக்கும்போது இவற்றின் ரத்த ஓட்டம் தடைபட, மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு கால்சியம் தற்காலிகமாக இறங்கும். நூற்றில் ஓரிருவருக்கு நிரந்தரமாக. இறக்கம் உச்சத்துக்கு வருவது இரண்டாம், மூன்றாம் நாளில்; அதாவது பலர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வது போல் இருக்கும், அப்புறம் கை மடங்கி இழுக்கும். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பலவீனம் என்றோ பயம் என்றோ நினைத்து ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலையில் பாராதைராய்டு ஹார்மோன் அளவைப் பார்த்தால் யாருக்குக் குறையும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். ஒரு மில்லிலிட்டருக்கு 15 பிகோகிராமுக்குக் கீழே என்றால் கால்சியமும் கால்சிட்ரியாலும் (உடனே செயல்படும் வடிவில் உள்ள வைட்டமின் டி) கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். வழக்கமான அளவு, 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒன்று முதல் இரண்டு வரை, கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம் ஒன்றிரண்டு வேளை. இங்கே இரண்டு தவறுகள் தொடர்ந்து நடக்கின்றன. ஒன்று, கால்சிட்ரியாலுக்குப் பதிலாக வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷே எழுதிக் கொடுப்பது. அந்த வைட்டமினைச் சிறுநீரகம் செயல்படும் வடிவத்துக்கு மாற்றவே பாராதைராய்டு ஹார்மோன் வேண்டும்; இல்லாத சமயத்தில் சாஷே உடனே உதவாது. இன்னொன்று, எல்லா மருந்துச் சீட்டிலும் அனிச்சையாக ஏறிவிடும் பான்டாப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை. கால்சியம் கார்பனேட் கரைய வயிற்று அமிலம் தேவை. அமிலத்தை நிறுத்திவிட்டு கால்சியத்தை விழுங்கினால் பாதி வீண். கால்சியத்தைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். பான்டாப்ரசோல் எதற்கு என்று கேளுங்கள். மரத்தால் கூடுதலாக ஒரு வேளை கால்சியம் போட்டு அரைமணி நேரம் பார்க்கலாம். கை இழுத்தாலோ மூச்சு சிரமப்பட்டாலோ நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே கால்சியம் குளுகோனேட்டை ஈ.சி.ஜி. பார்த்தபடி சிரையில் மெதுவாக ஏற்றுவார்கள்.

பிறகு ஆயுள் மாத்திரை. தியோடர் கோக்கர் என்ற சுவிஸ் சர்ஜன்தான் இந்த ஆபரேஷனைப் பிழைக்கக்கூடியதாக ஆக்கினார், 1909இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் முழுச் சுரப்பியை எடுத்த நோயாளிகள் மெல்ல மந்தமாகி, உடல் ஊதிப் போவதை 1883இல் அறிவித்தவரும் அவரே. அன்று அதற்கு மருந்தில்லை. இன்று லெவோதைராக்சின் மாதம் நூறு ரூபாய்க்குள் அடங்கும் மாத்திரை. கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கணக்கு; 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைத்துத் தொடங்குவார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. தமிழ் வீட்டில் உடைபடும் விதி இதுதான்: ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டிகிரி காபி. காலையில் முடியாதவர்கள் ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். மூன்றையும் ஒரே டப்பாவில் ‘காலை’ என்று எழுதித் தரும் பார்மசிகளைப் பார்க்கலாம். அப்படியே விழுங்கினால் டி.எஸ்.எச். இறங்கவே இறங்காது, டோஸ்தான் ஏறிக்கொண்டே போகும்.

டி.எஸ்.எச். பார்ப்பது 6 முதல் 8 வாரம் கழித்து. இரண்டு வாரத்தில் பார்த்து டோஸை மாற்றுவதில் அர்த்தமில்லை. ஒரு நாள் மறந்தால் குடி முழுகிவிடாது. மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஒதுக்கச் சொல்பவர்களிடம், எடுத்துவிட்ட சுரப்பியை முட்டைக்கோஸ் என்ன செய்யும் என்று கேட்கலாம். கர்ப்பம் உறுதியானால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்: டோஸ் ஏறக்குறைய கால் பங்கு கூட வேண்டும், வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதல்.

தழும்பு. வெயில் படாமல் காத்து, காயம் ஆறிய பிறகு சிலிகான் ஜெல் தடவினால், ஒரு வருடத்தில் பெரும்பாலோருக்கு மடிப்போடு மடிப்பாக மங்கிவிடும். கீலாய்டு (தழும்பு தடித்து வளர்வது) வரும் உடல்வாகு என்றால் மட்டும் முன்பே சொல்லுங்கள். தழும்பே இல்லாத வழிகளில் அக்குள் வழி ரோபோ முறை தென் கொரியாவில் வளர்ந்தது. கீழ் உதட்டின் உள்பக்கம் மூன்று துளையிட்டு இறங்கும் முறையைத் தாய்லாந்தின் அங்கூன் அனுவோங் 2016இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகமே கற்றுக்கொண்டது. சிறிய கட்டி, வேறு நோயில்லாத இளம் வயது, இதையே தொடர்ந்து செய்யும் சர்ஜன் ஆகிய மூன்றும் கூடிவந்தால் செய்துகொள்ளலாம். ஆனால் ‘சிறு துளை’ என்பதால் சிறிய ஆபரேஷன் அல்ல இது. உள்ளே தோலைப் பிரிக்கும் பரப்பு அதிகம், நேரம் அதிகம், தாடை சில வாரம் மரத்திருக்கும், பில்லும் கூடும். பெரிய கழலைக்கும் பரவிய புற்றுநோய்க்கும் இது சரிவராது. கூடுதல் காசு இருந்தால் அதை அனுபவமுள்ள சர்ஜனுக்கும் கவனிக்கப் போதிய நர்ஸும் டாக்டரும் உள்ள வார்டுக்கும் கொடுப்பதே லாபம்.

‘பேக்கேஜ்’ என்று சொல்லும்போது வெளியே நிற்பவை எவை என்று எழுதி வாங்குங்கள்: ரத்தக்குழாயை அடைக்கும் ஹார்மோனிக் அல்லது லிகாசூர் கருவியின் ஒரு முறைப் பாகம், நரம்பு மானிட்டரின் டியூப், பயாப்ஸி, கூடுதல் ஐ.சி.யு. நாள். இன்சூரன்ஸ் நிறுவனம் இவற்றில் சிலவற்றை வெட்டிவிடும்.

வீடு திரும்பியதும் 48 மணி நேரம் கழித்துக் காயத்தில் தண்ணீர் படலாம். கழுத்தை அசைக்காமல் விறைப்பாக வைத்திருப்பதுதான் வலியை நீட்டிக்கும். மெல்லத் திருப்பிப் பழகுங்கள். தண்ணீர்க் குடம், சிலிண்டர் இரண்டு மூன்று வாரம் வேண்டாம். வலியில்லாமல் திரும்பிப் பார்க்க முடிந்தால்தான் வண்டி ஓட்டலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் போய்விடலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை பாராதைராய்டு கண்ணில் பட்டது, எத்தனை காப்பாற்றப்பட்டது அல்லது தசையில் நட்டு வைக்கப்பட்டது, இரு பக்கக் குரல் நரம்பும் பார்க்கப்பட்டதா என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து இன்னொருவர் அதே கழுத்தைத் திறக்க நேர்ந்தால் அவருக்கு வேண்டியது அந்த மூன்று வரிதான். பயாப்ஸியில் புற்றுநோய் வந்து கதிரியக்க அயோடின் சிகிச்சை தேவைப்பட்டால், அதற்கு முன் மாத்திரையை மூன்று நான்கு வாரம் நிறுத்துவதா, நிறுத்தாமல் டி.எஸ்.எச். ஊசி போட்டுக்கொள்வதா என்பதை அணு மருத்துவத் துறையிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதற்குள் வேறு எதற்காவது சாய ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், தைராய்டு விவரத்தைச் சொல்லித் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். அந்தச் சாயத்தில் உள்ள அயோடின் சிகிச்சையை ஒன்றிரண்டு மாதம் பின்னுக்குத் தள்ளிவிடும்.